கேக் வாசம் வீசிய போத்தல்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டவுடன் சில வீடுகளிற் பெரியவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து அலுமாரியின் மேல் வைத்துவிடக் கூடும். அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எவரையும் குடிக்கச் சொல்வது நமது நோக்கமன்று. குடித்தவர்களின் மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 21 வயது நிரம்பாதவருக்கு மதுவகைகளை விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி இந்நாட்டிற் குற்றம் என்பதையும் மாணவ நேயர்களுக்கு முதலிலேயே சொல்லிவைக்கிறோம். ஆயினும் மூக்குக்கு வயதெல்லை விதித்த சட்டம் எங்கும் இல்லை. இன்றைய பேச்சிற் பெரும்பகுதி மூக்கைப் பற்றியதே.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கை ஒன்றில் நமது நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். துறைமுகத்தில் சரக்கு மீட்டுக் கொடுக்கும் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவர். லண்டனிலிருந்து வந்த அவருடைய தங்கை மகன், மாமாவுக்கென்று ஒரு போத்தல் விஸ்கி கொண்டுவந்து கொடுத்துப் போயிருந்தான். இரண்டு மாதங்களாக அந்தப் போத்தல் திறக்கப்படாமலே இருந்தது. காரணம், நண்பரின் மனைவியார்.

அம்மையாரின் தந்தையார் ஜிந்துப்பிட்டியில் சொந்த வீட்டிலே வாழ்ந்தவர். அந்த வீட்டைத் தவறணைக் கடனுக்கே கொடுத்துத் தீர்த்தார். முதலில் வீடு போயிற்று. சில ஆண்டுகளில் அவரும் போனார். அப்போது அம்மையாருக்கு வயது பதினொன்று. அன்று தொட்டு, கேக்குக்கு ஊற்றும் இரண்டு கரண்டிச் சாராயத்தைத் தவிர வேறொரு துளியும் தம் வாசற்படியைத் தாண்டி வர அவர் விட்டதில்லை. நண்பரும் அதற்குக் கட்டுப்பட்டே வாழ்ந்து வருகிறார்.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து வந்த பிற்பகலில், நாம் அங்கே போயிருந்தோம். “இவர் பத்திரிகைக்கு எழுதுகிறவர், சுவை பார்த்து எழுதட்டுமே” என்று நண்பர் மெல்லக் காய் நகர்த்தினார். அம்மையார் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதுகிறதற்கென்றால் ஆகட்டும். ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். அதுவும் என் கண்முன்னாலே” என்றார். மேசையில் ஒரு புறத்தை நமக்கு ஒதுக்கி, மறு புறத்தில் தம் வேலையைப் பரப்பிக்கொண்டார். நத்தார்க் கேக்குக்காக முந்திரிகை வற்றல், கஜு, இஞ்சிப்பாகு, பூசணி அல்வா ஆகியவற்றைப் பொடியாக வெட்டி ஊறவைக்கும் காலம் அது. உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் பேரன், தன் புத்தகத்தை மூடிவிட்டு மேசையருகே வந்து நின்றான்.

போத்தலின் பெயரைச் சொல்வதிற் சிறு சங்கடம் உண்டு. ‘நேக்கட் மோல்ட்’ என்பது அதன் பெயர். குடும்பப் பத்திரிகையில் இதைத் தமிழாக்க நாம் முன்வர மாட்டோம். ஆங்கிலம் அறிந்தவர்கள் தாமே அறிந்துகொள்வார்களாக. முன்பு இதற்கு ‘நேக்கட் குரவுஸ்’ என்று பெயர். குரவுஸ் என்பது ஸ்கொத்லாந்தின் மலைப்புல்வெளியில் வாழும் கௌதாரி இனப் பறவை. பேர்த் நகரத்து வணிகர் மத்தியூ குளோக் 1896இல் அப்பறவையின் பெயரால் ஒரு விஸ்கியைத் தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளைதான் இது. போத்தலின் மேல் காகிதச் சீட்டு ஒட்டாமல், கண்ணாடியிலேயே பறவையின் உருவைப் புடைக்கச் செய்து விற்றமையால் ‘ஆடையற்றது’ என்னும் பெயர் வந்தது. 2021இல் பறவையும் பறந்துபோய், மோல்ட் மட்டும் எஞ்சியது. லண்டன் கடைகளில் பெரிய விலையின்றிக் கிடைப்பது. அங்கே கூலிக்காரரும் மாதக் கடைசியில் வாங்கத் துணியும் விலை. நமது பணத்துக்கு மாற்றி, நமது வரிகளையும் கூட்டிப் பார்த்தாற் கதை வேறு. அதை இங்கே கணக்கிட்டு எவர் மனத்தையும் நோகச் செய்ய வேண்டாம்.

நண்பர் மூன்று சிறு கிண்ணங்களில் விரற்கடையளவு ஊற்றினார். மூன்றாவது யாருக்கு என்று அம்மையார் கேட்டார். “உனக்குத்தான், முகர்ந்து பார்” என்றார் நண்பர். அம்மையார் வெட்டுக்கத்தியைக் கீழே வைக்கவில்லை.

சுவை பார்ப்பதற்கும் முறை உண்டு. பனிக்கட்டி கூடாது, குளிர், மணத்தைக் கட்டிப்போடும். வாய் குறுகிய கிண்ணமே நல்லது. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் மதுசாரத்தின் காட்டம் மட்டுமே ஏறும். ஆதலால் கிண்ணத்தைச் சற்றுத் தாழ்த்தி, வாயைச் சிறிது திறந்தவாறு மெல்ல முகர வேண்டும். பின்னர் அரைத் தேக்கரண்டி நீர் விட்டு, மறுபடியும் முகர வேண்டும். நீர் பட்டவுடன் உள்ளே அடங்கியிருந்த மணங்கள் சில எழுந்து வருவதை நாம் கண்டோம்.

முதலில் வந்தது முந்திரிகை வற்றல். ஐயமே இல்லை. அதன் பின்னாலே வெல்லப்பாகு சிறிது கருகினாற்போன்ற ஒரு மணம். அதற்கும் பின்னாலே கறுவாவும் கராம்பும் கைகோத்து நின்றன. அடியில் வனிலா. நாவிலே வைத்தபோது மென்மையாகத்தான் இருந்தது. நூற்றுக்கு 40 பங்கு மதுசாரம் என்பதை நாவைவிடத் தொண்டையே முதலில் உணர்ந்தது. விழுங்கிய பின் இனிப்பும் காரமும் சற்று நேரம் நின்று, எதிர்பார்த்ததற்கு முன்னரே விடைபெற்றுக்கொண்டன. மணம் கொடுத்த வாக்கை நா முழுவதும் நிறைவேற்றவில்லை என்பதே நமது தீர்ப்பு. மலிவான நல்ல பண்டங்களுக்கு இது இயல்பான குறை. முகமன் சிறப்பாயிருக்கும், விருந்து சிறியதாயிருக்கும்.

இதற்குள் அம்மையார் கத்தியை வைத்துவிட்டு, மூன்றாவது கிண்ணத்தை எடுத்து ஒரு முறை முகர்ந்தார். முகம் மாறிற்று.

“இது நம்முடைய கேக் வாசமல்லவா!” என்றார்.

தம் முன்னே இருந்த பழக்கலவையையும் கிண்ணத்தையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார். டிசம்பர் மாதத்துக் கொட்டாஞ்சேனையில் நடந்து பழகியவர்களுக்கு அந்த வாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும், எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருக்கும் வாசம் அது. மேல்நாட்டில் இத்தகைய விஸ்கியைச் சுவைப்பவர்களும் ‘கிறிஸ்மஸ் கேக்’ என்றே அதனை வருணிப்பது வழக்கம். அம்மையார் எந்தப் புத்தகத்தையும் படியாமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“அப்படியானால் இதற்குள்ளே முந்திரிகை வற்றல் போட்டு ஊறவைக்கிறார்களா?” என்று கேட்டான் பேரன்.

இல்லை என்பதே வியப்பு. ஸ்கொச் விஸ்கியில் முளைகட்டிய பார்லி, நீர், நொதி ஆகியவற்றிற்கு மேலே வேறு தானியம் சேரலாம். நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப்பாகு சிறிது சேர்க்கலாம். வேறு எதையும் சேர்க்கச் சட்டம் இடங்கொடாது. பழமும் வாசனைத் திரவியமும் உள்ளே போகவில்லை. மணம் முழுவதும் மரத்திலிருந்து வந்தது.

ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஹெரெஸ் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே விளையும் திராட்சை மதுவையே ஆங்கிலேயர் ‘ஷெரி’ என்றனர். அதில் ‘ஒலொரோசோ’ ஒரு வகை. அந்தச் சொல்லுக்கு ‘மணமுள்ளது’ என்று பொருள். காற்றுப் படும்படி பல்லாண்டுகள் பீப்பாவிலே கிடந்து கருஞ்சிவப்பாக முதிரும் மது அது. முற்காலத்தில் ஷெரி மது பிரித்தானியத் துறைமுகங்களுக்குப் பீப்பாக்களிலேயே வந்து இறங்கியது. மதுவைப் போத்தல்களில் அடைத்து விற்ற பின் வெறும் பீப்பாவைத் திருப்பி அனுப்பக் கப்பற்கூலி கட்டுபடியாகவில்லை. சிக்கனத்துக்குப் பெயர்போன ஸ்கொத்லாந்துக்காரர் அதைச் சொற்ப விலைக்கு வாங்கித் தம் விஸ்கியை ஊற்றி வைத்தார்கள். வேறு கலயம் வாங்கக் காசு மிச்சம் என்பதைத் தவிர அவர்கள் மனத்தில் வேறு கலை நோக்கம் இருந்திருக்குமென்று நாம் நம்பவில்லை. சில ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று. துறைமுகத்திலே வாழ்நாளைக் கழித்த நமது நண்பருக்கு இந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. “வெறும் பெட்டியின் பெறுமதி எங்களுக்கல்லவா தெரியும்!” என்றார்.

மாணவ நேயர்கள் இவ்விடத்திற் சற்று நிற்கலாம். பீப்பா செய்ய உதவும் ஓக் மரத்தில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. பலகையை வளைப்பதற்காக நெருப்பிலே வாட்டும்போது அது சிதைந்து, வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலின் உண்டாகிறது. கராம்புக்கு மணம் கொடுக்கும் இயூஜினோலும் ஓக் மரத்தில் இருக்கிறது. நமது கறுவா இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயிலும் பெரும்பகுதி அதுவே. இன்னொரு வேடிக்கை: அமெரிக்க ஓக் மரத்தில் மிகுதியாக உள்ள லக்டோன் ஒன்று தேங்காய் மணம் வீசும். தென்னையோடு உறவே இல்லாத மரம் தேங்காய் மணக்கிறது! ஐரோப்பிய ஓக் மரத்தில் அது குறைவு. துவர்ப்பும் காரமும் அதில் மிகுதி. இவற்றோடு, மரத்தின் துளைகளுக்குள்ளே ஊறிக் கிடந்த ஷெரி மதுவும் மெல்ல மெல்ல விஸ்கியிற் கலக்கிறது. முந்திரிகை வற்றல் வந்த வழி அதுதான்.

1980களில் ஸ்பெயின், ஷெரி மதுவைத் தன் மண்ணிலேயே போத்தலில் அடைத்து அனுப்பும் முறைக்கு மாறிற்று. பீப்பாவில் வந்து இறங்குவது நின்றுபோயிற்று. மலிவாகக் கிடைத்த வெறும் பீப்பா, அன்றிலிருந்து பணங்கொடுத்துச் செய்விக்கும் பண்டமாகியது. விஸ்கிக்காரர் ஹெரெஸ் நகரத்திலே புதுப் பீப்பா செய்வித்து, ஓராண்டோ இரண்டாண்டோ ஒலொரோசோ மதுவை அதில் நிறைத்துப் பதப்படுத்தி, பின்பு மதுவை அகற்றிவிட்டுப் பீப்பாவை ஸ்கொத்லாந்துக்கு ஏற்றுகிறார்கள். ஒரு காலத்திற் பீப்பா மதுவுக்காக இருந்தது. பின்னர் மது பீப்பாவுக்காக என்றாயிற்று. இத்தகைய பீப்பா, அமெரிக்க விஸ்கி இருந்து காலியான பழைய பீப்பாவைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. ‘போர்பன்’ என்னும் அமெரிக்க விஸ்கியைப் புதிய பீப்பாவிலேயே இட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலின் அங்கே ஒரு முறை பயன்பட்ட பீப்பாக்கள் ஏராளமாகக் கழிந்து வருகின்றன.

நமது போத்தல் மலிவாயிருக்கும் மர்மமும் இதனால் விளங்குகிறது. இதிலுள்ள விஸ்கி தன் ஆயுள் முழுவதையும் ஷெரிப் பீப்பாவிற் கழித்ததன்று. வேறு பீப்பாக்களில் முதிர்ந்த பின், ஒலொரோசோ இருந்த பீப்பாவில் கடைசியாக ஆறு மாதம் வரை தங்கி வந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளையைப்போல, பேச்சில் மெருகு உண்டு. ஆழத்தில் கிராமம் இருக்கிறது. மேலே முந்திரிகையும் அடியிலே வனிலாவுமாக நாம் உணர்ந்தது இதனாற்றான். அதை மறைக்காமல் அவர்களே சொல்லியிருப்பது நமக்குப் பிடித்திருந்தது.

பேரன் போத்தலைத் திருப்பி, ‘பிளெண்டட் மோல்ட் ஸ்கொச் விஸ்கி’ என்று உரக்க வாசித்தான். இந்த நான்கு சொற்களுக்குப் பின்னால் ஒரு வழக்கும் ஒரு விசாரணையும் இருக்கின்றன.

1905ஆம் ஆண்டின் இறுதியில், லண்டனைச் சேர்ந்த இஸ்லிங்டன் நகரசபை, கடைக்காரர் சிலரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. விஸ்கி கேட்டவனுக்கு விஸ்கி அல்லாததைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முளைகட்டிய பார்லியைச் செம்பு வாலையில் வடித்தால் மணமும் சாரமும் உள்ள சாராயம் கிடைக்கும். ஆனால் செலவு மிகுதி. சோளம் முதலிய தானியத்தைத் தொடர்ந்தோடும் இயந்திர வாலையில் வடித்தால் மணம் குறைந்த சாராயம் மலிவாக, வெள்ளமாகக் கிடைக்கும். இரண்டாவதிற் பெரும்பகுதியும் முதலாவதிற் சிறுபகுதியும் கலந்து, முதலாவதன் பெயரால் விற்றார்கள். 1906இல் நீதவான் கடைக்காரருக்கு மாறாகத் தீர்ப்பளித்தார். வணிகர் கொதித்தெழுந்தனர். 1908இல் அரச ஆணைக்குழு ஒன்று அமர்ந்து, ‘விஸ்கி என்றால் என்ன?’ என்று ஆராயத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இரண்டும் விஸ்கியே என்று அது முடிவுகூறியது. பணமுள்ள கட்சி வென்றது என்றே நாம் அதைப் படிக்கிறோம். ஆயினும் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. 1915இல் முதிராத சாராயத்தை விற்கத் தடை வந்து, விரைவில் 3 ஆண்டு முதிர்வு கட்டாயமாயிற்று. 2009இல் ஒரு முழுமையான ஒழுங்குவிதி பிறந்தது. அதன்படி ‘பிளெண்டட் மோல்ட்’ என்று எழுதினால், ஒன்றுக்கு மேற்பட்ட வடிசாலைகளின் மோல்ட் விஸ்கிகள் மட்டுமே கலந்தது என்று பொருள்; இயந்திர வாலையின் தானியச் சாராயம் ஒரு துளியும் இருக்கக் கூடாது. ‘பிளெண்டட்’ என்று மட்டும் எழுதினால் அது இருக்கலாம். ஒரு சொல் கூடினால் உள்ளிருக்கும் பண்டமே மாறுகிறது.

நண்பர் உள்ளே போய், கேக்குக்கென்று வாங்கி வைத்திருந்த பழைய சாராயப் போத்தலைக் கொண்டுவந்தார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் பிறந்திருந்தது.

தென்னஞ்சாராயத்தின் கதையை நமது நேயர்களிற் பலர் அறிவார்கள். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நாள்தோறும் நுனியைச் சீவ, அதிலிருந்து சொட்டும் பதநீர் முட்டியில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். நொதியைத் தனியே சேர்க்க வேண்டியதில்லை. காற்றிலும் முட்டியிலும் அது இருக்கிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கு 5, 6 பங்கு மதுசாரமுள்ள கள்ளாகிவிடும். அதை அன்றே வடிசாலைக்குக் கொண்டுபோய் வாலையில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் வினாகிரியாகிவிடும். நமது குசினியில் இருக்கும் தென்னை வினாகிரி அந்த வழியிற் பிறந்த பிள்ளையே. களுத்துறை, பயாகலைப் பக்கமாகக் காலி வீதியிற் போனவர்கள், மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல், மேற்கயிற்றைப் பற்றியபடி ஆள் நடந்துபோவதைக் கண்டிருப்பார்கள். தரையிலிருந்து நாற்பது, ஐம்பது அடி உயரம். கயிறு அறுந்தால் அந்தக் குடும்பத்தின் கதியும் அதனோடு அறுந்தது. ஸ்கொத்லாந்திற் பார்லி விதைப்பவன் விழுவதானாலும் தரையிலிருந்து தரைக்குத்தான் விழுவான்.

வடித்த சாராயம் மரத்தில் உறங்க வேண்டும். இங்கே ஓக் இல்லை. நமக்கு வாய்த்தது சிங்களவர் ஹல்மில்ல என்றும் நாம் சவண்டலை என்றும் சொல்லும் மரம். சென்னைப்பட்டினத்தில் இதற்குத் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். அக்கரையோரத்து மசூலாப் படகுகளை இம்மரத்தாற் கட்டினார்கள். அலையையும் உப்பையும் தாங்கும் மரம் சாராயத்தையும் தாங்கிற்று. ஆயினும் வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெரிப் பீப்பா சுமார் 500 லீற்றர் கொள்வது. நமது ஹல்மில்ல மிடாக்கள் அதனிலும் எத்தனையோ மடங்கு பெரியவை. ஒரு கலயத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் உள்ளடக்கம் 8 மடங்காகும். உட்சுவரின் பரப்போ 4 மடங்குதான் ஆகும். ஆகவே பெரிய மிடாவில் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரம் குறைவு. மேலும், முன்பு வேறொரு மது ஊறிய மரமன்று அது. பல ஆண்டுகளாகச் சாராயமே இருந்து வந்த மரம். ஆதலின் நமது மரம் அதிகம் பேசாது. சாராயத்தின் காட்டத்தை மட்டும் மெல்லத் தணிக்கும். நல்ல சாராயம் அதிற் சில ஆண்டு தொடக்கம் 15 ஆண்டு வரை இருப்பதுண்டு.

மரத்தின் வழியாகச் சாராயம் ஆவியாகிக் குறைவதை ஸ்கொத்லாந்தில் ‘சம்மனசுகளின் பங்கு’ என்பார்கள். அந்தக் குளிரிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்கு அவ்வாறு போகிறது; நமது வெயிலில் இன்னும் விரைவாகப் போகும் என்று நாம் விளக்கினோம். “சம்மனசுகள் குடிக்கமாட்டார்கள்” என்று அம்மையார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதற்கு மேல் அங்கே வாதிட எவருக்கும் துணிவில்லை.

பழைய சாராயத்தை முகர்ந்தோம். தேங்காய் மணம் அதில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அது பாளையின் சாறேயன்றித் தேங்காயின் சாறன்று. பூவின் மணம் போன்ற ஒன்று முதலில் வந்தது. பிறகு தேன். பிறகு, பழைய மர அலுமாரியைத் திறந்தாற்போன்ற ஓர் உலர்ந்த வாசம். நாவில் விஸ்கியைவிட மெலிந்தது. ஆனால் விழுங்கிய பின் நின்ற நேரம் அதற்குக் குறைந்ததன்று, சற்றுக் கூடுதலென்றே நமக்குத் தோன்றியது. ஷெரிப் பீப்பா சபையிலே உரக்கப் பாடும் வித்துவான் என்றால், இது திண்ணையிலிருந்து தமக்குத் தாமே பாடிக்கொள்ளும் பெரியவர். எதற்குக் கைதட்டு அதிகம் என்று கேட்டால் விடை தெரிந்ததே. எதை மறுபடி கேட்பீர்கள் என்று கேட்டால், நமது கை இதன் பக்கமே நீண்டது. யாழ்ப்பாணத்து நேயர்கள் திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயத்தை மறந்தோமே என்று கோபிக்க வேண்டாம். அதை ஒப்பிடத்தக்க நிலையில் அன்று அது மேசையில் இல்லை.

பேரன் இந்தப் போத்தலையும் திருப்பினான். இப்படி முதிர்ந்த சாராயம் விலை கூடியது. பெரும்பாலோர் வாங்கும் மலிவு வகை வேறு. அதிலே தென்னஞ்சாராயம் ஒரு பங்கே; மற்றது வேறு மூலப்பொருளிலிருந்து இயந்திர வாலையில் வடித்த, மணமற்ற மதுசாரம். இரண்டையும் கலந்து நிறமேற்றினால், பார்வைக்கு முதிர்ந்த சாராயமும் அதுவும் ஒன்றே. கலப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. உலகில் மிகுதியாக விற்கும் ஸ்கொச் விஸ்கிகளும் கலப்பே. ஆனால் போத்தலின் மேல் எழுதியுள்ள பெருமைச் சொற்களைப் படித்து, உள்ளே தென்னை எத்தனை பங்கு என்று சாதாரணமாக வாங்குகிறவன் அறிந்துகொள்ள இயலுமா? ‘விசேடம்’ என்பதும் ‘மிக விசேடம்’ என்பதும் எதற்கு விசேடம் என்று யார் சொல்வது? மூடியில் ஒட்டியிருக்கும் மதுவரித் திணைக்களத்தின் சீட்டு, வரி செலுத்தப்பட்டது என்பதைச் சொல்லும். அதைத் தவிர வேறொன்றையும் சொல்ல அது பிறக்கவில்லை. நமது மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டில் எழுந்தது. அதே காலத்தில் ஆங்கிலேயன் தன் நாட்டிலே ‘உள்ளே என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே ‘வருமானம் எவ்வளவு?’ என்பதையே முதலிற் கேட்டான். நாடு சுதந்திரம் பெற்று இத்தனை காலமாகியும், முதற் கேள்வி இன்னும் அதுவாகவே இருப்பது நமக்கு வருத்தம். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கி, அந்தப் பெயரைப் பிறர் எடுத்தாளாதபடி காவல் செய்தது. கறுவாவுக்கு இயன்றது தென்னம்பாளைக்கு ஏன் இயலாது? கயிற்றின் மேல் நடப்பவனின் உழைப்பு எத்தனை பங்கு உள்ளே இருக்கிறது என்று போத்தல் சொல்லுமானால், அந்த உழைப்புக்கு விலை கேட்கவும் ஒரு வழி பிறக்கும்.

இதை நாம் சற்று உரத்தே சொல்லியிருக்க வேண்டும். அம்மையார் தம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கள் அப்பா குடித்த போத்தலில் என்ன இருந்தது?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி என்பது அந்தக் குரலிலே தெரிந்தது. முதலில் தவறணையில், பின்பு கடன் கொடுக்க மறுத்தபோது ஒழுங்கைக் கோடியில், கடைசியிற் கசிப்பு. “வாசம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதைப்போல இல்லை. இதைப்போலவும் இல்லை” என்று இரண்டு கிண்ணங்களையும் சுட்டிக்காட்டினார். “தகரத்தைக் காய்ச்சினதுபோல இருக்கும்.”

நல்லதைக் குடித்திருந்தால் அந்த வீடு தப்பியிருக்கும் என்று சொல்ல நாம் துணியவில்லை. அது உண்மையுமன்று. வீட்டை விழுங்கியது மரமோ வாலையோ அன்று. ஆயினும் ஒரு மனிதன் தன் கூலியைக் கொடுத்து எதை வாங்கினான் என்பதை அவனும் அறியவில்லை. அவனுக்கு விற்றவனும் சொல்லவில்லை. அவன் மகள் முதுமையிலே கேட்கும்போது விடை சொல்ல ஒரு சீட்டுக்கூட இல்லை.

நண்பர் மெல்ல எழுந்து விஸ்கிப் போத்தலை மூடினார். “அப்பம்மா, இந்த வருஷம் கேக்குக்கு இதை ஊற்றலாமே, ஏற்கனவே கேக் வாசம்தானே” என்றான் பேரன். அம்மையார் யோசித்தார். மறுபடியும் இரண்டையும் முகர்ந்தார். விஸ்கியைத் தள்ளி வைத்தார்.

“இதிலே இருக்கிற வாசம் என் பழத்திலேயே இருக்கிறது. அதையே திரும்ப எதற்கு ஊற்ற வேண்டும்?” என்று சொல்லி, பழைய சாராயத்தில் மேசைக்கரண்டியால் இரண்டே இரண்டு அளந்து பழக்கலவையின் மேல் விட்டார். கரண்டியிலே ஒட்டியிருந்த துளியையும் சாடிக்குள்ளே தட்டினார். பிறகு மூடியை இறுக்கி, திகதியைக் காகிதத்தில் எழுதி ஒட்டும்படி பேரனிடம் கொடுத்தார். அவன் திகதியை எழுதிவிட்டு, அதன் கீழே, உள்ளே என்னென்ன எத்தனை இறாத்தல் என்பதையும் பாட்டியாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினான்.